நர்சம்மா சொல்லும் நாலு வார்த்தை



காலையில் செல்போனைக் கையில் எடுத்ததும் முதலில் வருவது என்ன? 'குட்மார்னிங்' படம். அடுத்தது? பெரும்பாலான குடும்ப குரூப்களில் ஏதாவது ஒரு மருத்துவச் செய்தி. 'இந்தக் காயை ராத்திரி சாப்பிடாதீர்கள்', 'இந்த மாத்திரையை வெளிநாட்டில் தடை செய்துவிட்டார்கள்', 'டாக்டர்கள் மறைக்கும் ரகசியம்'. அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சித்தப்பாவோ, மாமியாரோ, ஸ்கூல் தோழியோ, நம் மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார்.

அதே விஷயத்தைப் பற்றி அரசாங்கமும் ஓர் அறிக்கை விட்டிருக்கும். அதை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்?

'ஜனங்களுக்கு அறிவியல் புரிவதில்லை, அதனால்தான் இப்படி' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நகைச் சீட்டில் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று மனக்கணக்காகவே போட்டுக் கடைக்காரரை மடக்குகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் புரியும். புரிகிற மாதிரி எழுதியிருக்கிறதா, நம்புகிற மாதிரி எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த இதழில் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

ஒரு ஃபார்வர்டையும் ஓர் அரசு அறிவிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஃபார்வர்டு எப்படி ஆரம்பிக்கும்? 'உங்கள் குழந்தைகளுக்காகத் தயவுசெய்து ஒரு நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் கண்ணீரோடு சொன்னது...'

அறிவிப்பு எப்படி ஆரம்பிக்கும்? 'மேற்படி பொருள் தொடர்பாகச் சமூக ஊடகங்களில் பரவிவரும் தகவல்கள் ஆதாரமற்றவை என்றும், பொதுமக்கள் எவ்வித அச்சமும் கொள்ளத் தேவையில்லை என்றும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'

முதலாவது உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. யார் சொன்னது என்று பொய்யாகவாவது ஓர் ஆளைக் காட்டுகிறது. கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது. இரண்டாவதில் பேசுகிறவர் யார்? தெரியாது. என்ன தகவல் பரவியது, அதில் எது பொய், அப்படியானால் உண்மை என்ன? ஒன்றும் இல்லை. பயப்படாதே என்ற உத்தரவு மட்டும் இருக்கிறது.

உத்தரவு போட்டால் பயம் போய்விடுமா? 'பீதியடைய வேண்டாம்' என்று டி.வி.யில் ஓடினால் நம் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறோம்? 'என்னமோ இருக்கு, அதான் சொல்றாங்க' என்றுதானே? அடுத்த நிமிஷம் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்க ஆள் கிளம்பியாகிவிடும்.

2017 பிப்ரவரி நினைவிருக்கிறதா? தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம். 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை எல்லோருக்கும் ஓர் ஊசி. தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில்தான் நாட்டிலேயே முதலில் ஆரம்பித்தார்கள். தடுப்பூசி விஷயத்தில் நல்ல பெயர் வாங்கிய மாநிலம் நம்முடையது. ஆனாலும் அந்த மாதம் வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திகளைக் கேட்டுப் பெற்றோர்கள் தயங்கினார்கள். ஊசி போடும் நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்களும் உண்டு. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச் வரை நீண்டது.

அந்தப் பெற்றோர்கள் கேட்டதெல்லாம் அசட்டுக் கேள்விகளா? 'என் பிள்ளைக்கு ஏற்கெனவே எம்எம்ஆர் போட்டாச்சே, மறுபடியும் எதுக்கு?' 'ரூபெல்லான்னா என்ன? கேள்விப்பட்டதே இல்லையே?' 'அது கர்ப்பிணிகளுக்குத்தானே ஆபத்து, பையனுக்கு ஏன்?' இதில் எந்தக் கேள்வி தப்பு?

ஒவ்வொன்றுக்கும் நல்ல பதில் இருந்தது. ரூபெல்லா, பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போய்விடும். ஆனால் ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தொற்றினால், பிறக்கிற குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு எல்லாம் வரலாம். அந்தக் கர்ப்பிணிக்கு வீட்டிலிருக்கும் ஒரு பையனிடமிருந்தே தொற்றலாம். அதனால்தான் பையன்களுக்கும் ஊசி. முதலில் போட்ட டோஸ் சில பிள்ளைகளுக்குப் பலன் தராமல் போயிருக்கலாம். இன்னொரு டோஸ் போடுவதால் கெடுதல் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும்.

இதைச் சொல்ல ஐந்தாறு வரி போதும். ஆனால் பல வீடுகளில் அந்த ஐந்தாறு வரியை முந்திக்கொண்டு வதந்தி வந்து உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் இதே தாய்மார்கள் தங்கள் கைக்குழந்தைக்கு ஒன்றரை மாதத்திலிருந்து வரிசையாக எல்லா ஊசிகளையும் எப்படிப் போட்டுக்கொண்டார்கள்? அங்கே அவர்களை நம்ப வைத்தது யார்?

நர்சம்மா!

புதன்கிழமை தடுப்பூசி நாளில் ஓர் அங்கன்வாடிக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ போய் ஓரமாக நின்று கேளுங்கள். ஒன்றரை மாதக் குழந்தையின் தொடையில் பென்டாவேலன்ட் ஊசியைப் போட்டுவிட்டுக் கிராம சுகாதார செவிலியர் அந்தத் தாயிடம் என்ன சொல்கிறார்? 'அஞ்சு வியாதி வராம இருக்க இந்த ஊசி போட்டிருக்கும்மா. ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயந்துடாத. ஊசி போட்ட இடம் கொஞ்சம் வீங்கும், தேய்க்காத, ஈரத்துணி வை. காய்ச்சல் அடிச்சா இந்த மருந்தை இந்த அளவு குடு. அடுத்த ஊசி ரெண்டரை மாசத்துல. அட்டையைத் தொலைச்சிடாத, வரும்போது கொண்டா.'

முடிந்தது. அடுத்த குழந்தை.

இது அவராக ஏதோ பேசிவிட்டுப் போவதில்லை. என்ன ஊசி, எந்த நோய்க்கு. என்ன சின்னத் தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது. அடுத்து எப்போது வர வேண்டும். அட்டையைப் பத்திரமாக வைத்துக் கொண்டுவாருங்கள். இந்த நான்கையும் ஒவ்வொரு பெற்றோரிடமும் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தை அனலாகக் கொதிக்கிறது, வீறிட்டு அழுகிறது. தாய் என்ன நினைப்பார்? 'நர்சம்மா சொன்ன மாதிரியே காய்ச்சல் வந்திருக்கு.' மருந்தைக் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டுவார். செவிலியர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால்? அதே காய்ச்சல்தான், ஆனால் 'ஊசியில ஏதோ கோளாறு' என்று ஊர் முழுக்கப் பரவியிருக்கும். அடுத்த புதன்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள்.

கெட்ட செய்தியை முன்கூட்டியே சொன்னால் ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று பெரிய பதவியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வரப்போகும் தொந்தரவை மறைக்காமல் சொன்னவரைத்தான் நாம் மறுபடியும் தேடிப் போகிறோம்.

மறைத்தால், அல்லது மழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியில் ஒரு கதை நடந்தது. லாக்விலா என்றொரு மலை நகரம். 2009 தொடக்கத்திலிருந்தே சின்னச் சின்ன நில அதிர்வுகள். ஜனங்கள் தூக்கமில்லாமல் இருந்தார்கள். மார்ச் 31-ஆம் தேதி நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். அதையொட்டி ஓர் உயர் அதிகாரி டி.வி. பேட்டியில், சிறு அதிர்வுகள் மூலம் பூமிக்குள் இருக்கும் சக்தி வெளியேறிக்கொண்டிருக்கிறது, ஆபத்தில்லை என்ற பாணியில் பேசினார். நிம்மதியாக ஒரு கிளாஸ் ஒயின் குடிக்கலாம் என்பது வரைக்கும் பேச்சு போனது.

ஏப்ரல் 6, விடிவதற்கு முன் பெரிய நிலநடுக்கம். 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிர்வு வந்தால் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுவது அந்த ஊரில் பரம்பரைப் பழக்கம். அன்று ராத்திரி, 'அவங்களே சொல்லிட்டாங்களே' என்று உள்ளேயே படுத்தவர்கள் இருந்தார்கள் என்று இறந்தவர்களின் குடும்பத்தார் கோர்ட்டில் சொன்னார்கள். 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அந்த அதிகாரிக்கும் சிறைத் தண்டனை. 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் ஆறு பேரும் விடுதலையானார்கள். அதிகாரிக்குத் தண்டனை குறைந்தது.

நிலநடுக்கத்தைத் தேதி குறித்துச் சொல்ல யாராலும் முடியாது. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. 'வராது என்று எங்களால் உறுதி சொல்ல முடியவில்லை, நீங்கள் வழக்கம்போல ஜாக்கிரதையாகவே இருங்கள்' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம் இல்லையா?

நம் ஊரிலும் மனதை உலுக்கிய ஒரு சம்பவம் உண்டு. 2021 ஏப்ரல் 15. நடிகர் விவேக் சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய், எல்லோரும் பார்க்கும்படி கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். தன்னைப் பார்த்து மற்றவர்களும் போட்டுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி காலமாகிவிட்டார். 'ஊசிதான் காரணமா?' என்று கேட்காத வீடு உண்டா? தேசிய அளவிலான நிபுணர் குழு ஆராய்ந்து, அவரது மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தது தற்செயல் என்று முடிவு சொன்னது அக்டோபரில். அதற்குள் வதந்தி எத்தனை ஊர் சுற்றி வந்திருக்கும்! அக்டோபரில் வந்த அந்த முடிவு உங்களில் எத்தனை பேர் கண்ணில் பட்டது?

ஆராய்ச்சிக்கு நேரம் பிடிக்கும். சரிதான். ஆனால் முடிவு வரும் வரை ஜனங்கள் எதைப் பிடித்துக்கொள்வது? 'ஒரே சமயத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போடுகிறோம். ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரம் சிலருக்கு மாரடைப்பு வரத்தான் செய்யும். இது அப்படியா, ஊசியாலா என்று இன்னின்ன விதத்தில் பார்க்கிறோம். தெரிந்ததும் சொல்கிறோம்.' இப்படி எழுதினால் படிக்கிறவர் பொறுமையாகக் காத்திருப்பார். கேள்வி கேட்டவரையே குற்றவாளி மாதிரி நடத்தினால் காத்திருக்க மாட்டார்.

அடுத்து, எண்கள். பத்திரிகைத் தொழிலில் இருப்பவள் என்பதால் இதை மனம்விட்டே சொல்கிறேன். ஓர் எண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பதை வைத்து ஒரு நாட்டையே கலங்கடித்துவிடலாம்.

1995 அக்டோபர், பிரிட்டன். புது ரகக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு வரும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பத்திரிகை, டி.வி. எல்லாவற்றிலும் அதுதான் செய்தி. ஏராளமான பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்கிறது ஒரு மதிப்பீடு.

அந்த 'இரண்டு மடங்கு' எவ்வளவு தெரியுமா? பழைய ரக மாத்திரை சாப்பிடும் 7,000 பெண்களில் ஒருவருக்கு ரத்தக்கட்டு வந்தது. புது ரகத்தில் 7,000 பேரில் இருவருக்கு. இவ்வளவுதான். கர்ப்பம் தரித்தால் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு இதைவிட அதிகம். அந்தப் பெண்கள் சிறிய அபாயத்துக்குப் பயந்து பெரிய அபாயத்தில் போய் விழுந்தார்கள்.

'இரண்டு மடங்கு' என்பது பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. ஆடி மாதம் '50 சதவீதம் தள்ளுபடி' என்று போர்டு வைத்தால் நாம் உடனே என்ன கேட்கிறோம்? 'அசல் விலை எவ்வளவு?' புடவைக்குக் கேட்கிற கேள்வியைப் புற்றுநோய்ச் செய்திக்குக் கேட்க மறந்துவிடுகிறோம். 'அபாயம் 18 சதவீதம் அதிகம்' என்று படித்தால், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். எழுதியவர் அதைச் சொல்லவே இல்லை என்றால், அவர் உங்களுக்கு விஷயம் சொல்ல வந்தாரா, பயம் காட்ட வந்தாரா என்று யோசியுங்கள்.

பெயர்களும் இப்படித்தான் விளையாடும். வாயில் நுழையாத பெயர் என்றால் ஆபத்து என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவில் சேர்க்கும் பொருட்கள் என்று சொல்லிக் கற்பனைப் பெயர்களை வாசிக்கக் கொடுத்தார்கள். உச்சரிக்கக் கஷ்டமான பெயரைத்தான் அதிகக் கெடுதல் என்று மதிப்பிட்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் 'ஐஎன்எஸ் 330' என்று பார்த்ததும் வயிற்றைக் கலக்குகிறதா? அது சிட்ரிக் அமிலம், எலுமிச்சம்பழத்தில் இருப்பது. 'ஐஎன்எஸ் 300' வைட்டமின் சி. எண் போட்டதெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அது என்ன என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் பாதி வதந்தி பிறந்தே இருக்காது என்கிறேன்.

'எங்களுக்கு முழுசாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டால் ஜனங்கள் நம்புவார்களா?' என்று நிபுணர்கள் சிலர் கேட்பார்கள். நியாயமான சந்தேகம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு. 'இவ்வளவு இருக்கும், ஆனால் இதிலிருந்து இதுவரைக்கும் முன்பின் இருக்கலாம்' என்று எண்களாகச் சொன்னபோது நம்பிக்கை குறைந்தது மிகமிகக் கொஞ்சம்தான். 'கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம்' என்று வழவழவென்று வார்த்தையில் சொன்னபோதுதான் அதைவிட அதிகம் குறைந்தது. தெரியாததைத் தெளிவாகச் சொன்னால் நம்புகிறோம். மழுப்பினால் சந்தேகப்படுகிறோம். வீட்டில் கணவரும் பிள்ளைகளும் பேசும்போதும் இதே கதைதானே?

நமக்கு நன்றாகத் தெரிந்த மழையையே எடுத்துக்கொள்வோம். 'ஓரிரு இடங்களில் கனமழை' என்று வானிலை மையம் சொல்கிறது. நம் தெருவில் தூறல்கூட இல்லை. 'இவங்க சொன்னா நடக்காது' என்று சிரிக்கிறோம். ஆனால் 'ஓரிரு இடங்கள்' என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கும் நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேலே போனால் அதி கனமழை. இந்தக் கணக்கை நம் வீட்டுக்கு யார் வந்து சொன்னார்கள்?

2023 டிசம்பர் 17, 18. தென் மாவட்டங்கள் மூழ்கிய நாட்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. 21 செ.மீ. பெய்தாலும் பெயர் அதி கனமழைதான், 95 பெய்தாலும் அதி கனமழைதான். 'முன்பே எச்சரித்தோம்' என்றது ஒரு தரப்பு. 'இவ்வளவு என்று சொல்லவில்லையே' என்றது இன்னொரு தரப்பு. தாமிரபரணிக் கரையில் இருந்த குடும்பத்துக்குத் தேவைப்பட்டது இந்த வாக்குவாதமா? பீரோவின் கீழ்த்தட்டில் இருப்பதை மேல்தட்டுக்கு மாற்றினால் போதுமா, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமா? இதுதான் அவர்கள் கேள்வி. 95 என்று துல்லியமாகக் கணிப்பது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். 'எவ்வளவு தூரம் போகும் என்று எங்களால் சொல்ல முடியவில்லை, தாழ்வான இடத்தில் இருப்பவர்கள் இன்று மாலைக்குள் மேடான இடத்துக்குப் போய்விடுங்கள்' என்று எழுதுவது கஷ்டமா?

சரி, எல்லாவற்றையும் தேன் தடவி எளிமையாக எழுதிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடுமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஜெர்மனியில் மியூன்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்தது இது. மருத்துவ விஷயத்தை ரொம்பச் சுலபமாக எழுதிக் கொடுத்தால், படிக்கிறவருக்கு 'இதை நானே முடிவு பண்ணிக்கலாம், நிபுணரிடம் கேட்கத் தேவையில்லை' என்ற தைரியம் கூடிவிடுகிறதாம்.

நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டாம். 'சர்க்கரை நோய்க்கு ஒரே மாதத்தில் குட்பை' என்ற கட்டுரையை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண்ணோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒருவராவது உங்கள் சொந்தத்தில் இருப்பார். அந்தக் கட்டுரை படிக்க அருமையாகத்தான் இருந்திருக்கும். நல்ல எளிமை என்பது, 'இதுவரைக்கும் நீங்களே பார்த்துக்கொள்ளலாம், இதற்கு மேல் டாக்டரைப் பாருங்கள்' என்று கோடு போட்டுக் காட்டுவது. நர்சம்மாவும் 'காய்ச்சல் விடாம அடிச்சா தூக்கிட்டு வந்துடு' என்று சேர்த்துத்தானே சொல்கிறார்?

மிகைப்படுத்துவது பத்திரிகைக்காரர்கள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை எடுத்து, மூல ஆராய்ச்சியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எலி போன்ற விலங்குகளில் கண்டதை மனிதர்களுக்கும் பொருந்துவதாக ஊதிச் சொன்னவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வாசகர் செய்ய வேண்டியதை ஆராய்ச்சியைத் தாண்டிச் சொன்னவை 40 சதவீதம். அதாவது, கலப்படம் பல நேரம் மொத்த வியாபாரியிடமே ஆரம்பித்துவிடுகிறது.

தமிழில் இதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. பெ.நா.அப்புஸ்வாமி தொழிலில் வக்கீல். ஆனால் பல்லாண்டு காலம் அறிவியலைத் தமிழில் எழுதிக்கொண்டே இருந்தார். சுஜாதா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன 'ஏன்? எதற்கு? எப்படி?' எத்தனை பிள்ளைகளை விஞ்ஞானத்தின் பக்கம் இழுத்தது! தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987-இலிருந்து குழந்தைகளுக்காக வருகிறது. வாசகரை மட்டம் தட்டாமல், கேள்வி கேட்டவரை மதித்துப் பதில் சொன்ன எழுத்து இவர்களுடையது.

மதித்து என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குரூப்பில் பெரியப்பா ஒரு தப்பான மருத்துவச் செய்தியைப் போடுகிறார். உடனே காலேஜ் படிக்கும் பையன், 'பெரியப்பா, இதெல்லாம் ஃபேக். படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா?' என்று நாற்பது பேர் முன்னால் போட்டுவிடுகிறான். பெரியப்பா திருந்துவாரா? குரூப்பை விட்டு வெளியேறுவார். அல்லது அடுத்த நாள் அதைவிடப் பெரிய செய்தியோடு வருவார். விஞ்ஞானிகளே சண்டைக்கு இழுக்கும் தொனியில் எழுதினால் படிக்கிறவர்களுக்கு அவர்கள் மேல் நம்பிக்கை குறைகிறது என்று 2019-இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு நம் வீட்டுப் பிள்ளை சண்டை போட்டால் என்ன ஆகும்?

தனியாக ஒரு போன் போடுங்கள். 'பெரியப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன். பெரியம்மாவோட பி.பி. மாத்திரை பத்திதான் கவலைப்படறீங்களா? நம்ம டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன், இப்படிச் சொன்னார்.' அவர் பயத்துக்கு நீங்கள் காது கொடுத்தால், உங்கள் பேச்சுக்கு அவர் காது கொடுப்பார்.

நம் இதழில் உடல்நலம், உணவு, சுற்றுச்சூழல் பற்றி எழுதுகிறவர்களிடம் நாங்கள் கேட்டு வாங்குவதும் ஏறக்குறைய நர்சம்மா சொல்லும் நாலு வார்த்தைதான். என்ன விஷயம், யார் கண்டுபிடித்தது? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? இன்னும் தெரியாதது என்ன? படிக்கிறவர் நாளைக்குக் காலையில் என்ன செய்ய வேண்டும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? இந்த நாலுக்கும் பதில் இருந்தால் தலைப்பு கொஞ்சம் சப்பென்று இருந்தாலும் பரவாயில்லை. 'அதிர்ச்சி', 'பகீர்', 'ஷாக் ரிப்போர்ட்' என்று போட்டால் நாலு பிரதி கூட விற்கும், எங்களுக்கும் தெரியும். ஆனால் அடுத்த முறை உண்மையிலேயே ஆபத்து வந்து நாங்கள் எச்சரிக்கும்போது நீங்கள் எங்களை நம்ப வேண்டுமே?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இதழிலும் மருத்துவக் கட்டுரைகள் இருக்கின்றன. படிக்கும்போது அந்த நாலு கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் கட்டுரையின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு போஸ்ட் கார்டில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். எழுதியவரிடமே பதில் வாங்கி, வாசகர் கடிதம் பகுதியில் வெளியிடுகிறோம். கேள்வி சின்னதாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே சந்தேகம் இருக்கும்!

அன்புடன்,
ஆசிரியர்